இரவல் கேட்காத ஊர்

நாளை கொஞ்சம் தூரப் பயணம் என்பதால் இன்று காலை காரைச் சுத்தம் செய்தேன். இடப்பக்க இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது 'அசாம் போய்' என்கிற உப்புப் பிளம் பழத்தின் காய்ந்த கொட்டைகள் கைநிறைய வந்தன. எல்லாம் நீ சப்பித் துப்பியவைதான். வேறு யார் என் காரில் இப்படிக் குப்பையும் போட்டுவிட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்து வர முடியும்? அந்தப் புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டால்தான் பாடுவதற்குத் தொண்டை திறக்கும் என்பாய். சன்னலைத் திறந்து துப்பித் தொலை என்றால், "ரோட்டுல துப்பக்கூடாதுடி, அசிங்கம்" என்று எனக்கே பாடம் நடத்துவாய். என் கார் மட்டும் உனக்கு அசிங்கமில்லை.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும், பேசினால் நிறுத்தத் தெரியாது. சாஆ என்ற சிற்றூரில் உன் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில், ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் நிறுத்துப் போட்டே எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டவள் நீ. பத்து பாகாட் நகரில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து மெஷினிலிருந்து ஒரு சீனப் பெண், "ஊசி ஒடஞ்சா சொல்லிடு, ஒளிச்சி வெக்காத. துண்டு துண்டா எல்லாத்தயும் காட்டணும்" என்று சுத்தமான தோட்டத்துத் தமிழில் அதட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிலுக்கு நான் உன்னிடமிருந்து உங்கள் வீட்டுச் சீனமான ஹொக்கியனைப் பிடித்துக்கொண்டேன். உன் பிள்ளைகள் பள்ளியில் மாண்டரின் படித்துவிட்டு வீட்டிலும் அதையே பேசினார்கள். ஹொக்கியனில் உன்னோடு சண்டை போட நான்தான் மிச்சம். படிக்கத் தெரியாதவளுக்கு எதற்கு மடல் என்று கேட்காதே. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஃபேக்டரியை விட்டு நின்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உன்னை உங்கள் ஹொக்கியன் சங்கத்து மாடிக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலையாயிற்று. நீ கார் ஓட்டினால் ஊரே ஓரமாய் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். லாம்இம் என்று நீங்கள் சொல்லும் அந்தச் சங்கீதத்தை அங்கேதான் கேட்டேன். உங்கள் பாட்டன்மார் சீனத்துத் தென்கரையிலிருந்து கப்பலேறியபோது கூடவே கொண்டுவந்தது அது. மடியில் குறுக்கே படுக்கவைத்து மீட்டும் பிபா, நெடுக்காகப் பிடித்து ஊதும் மூங்கில் குழல், இரண்டு தந்தி போட்ட வயலின், நடுவில் பாடுகிறவர். தாளக்கட்டை பாடுகிறவர் கையில்தான் இருக்கும், ஐந்து மரத்துண்டுகளைக் கயிற்றில் கோத்தது. முதல் நாள் எனக்குக் கொட்டாவி வந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் சோறு பொங்கி வடித்துவிடலாம் என்று உன்னிடம் சொல்லியும் விட்டேன்.

"வடிச்சிட்டே வாடி, பாட்டு எங்கயும் போவாது" என்றாய்.

பாட்டு எங்கும் போகவில்லைதான். எப்போது என்னைப் பிடித்துக்கொண்டது என்றுதான் தெரியவில்லை. வீடு பெருக்கும்போதும் அதையே முணுமுணுக்க ஆரம்பித்தேன். மாரியம்மன் கோயில் பஜனையில் பாடிப் பழகிய தொண்டை சும்மா இருக்குமா?

உங்கள் கச்சேரியில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டு கைமாறும் இடம். ஒருவர் பாடி முடித்ததும் கைதட்டல் கிடையாது, இடைவெளி கிடையாது. தாளக்கட்டையை இரண்டு கைகளாலும் அடுத்தவரிடம் நீட்டுவார். அவரும் இரண்டு கைகளாலும் வாங்கி, பிபா ஓய்வதற்குள் தம் பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை நாதம் அறுபடக்கூடாது. அறுபட்டால் பாடியவருக்கு மட்டுமல்ல, அந்த ஊருக்கே தலைகுனிவு.

சங்கத்துச் சாமியின் விழாவுக்கு மற்ற ஊர்க் குழுக்கள் ஆண்டுதோறும் விருந்தாளிகளாக வருவார்கள். அந்த ஒரு மதியத்தை முழுதாக நிரப்ப நம் ஊரில் ஒரு குரல் குறைந்தது. நீ இருந்தாய், ஆவியில் அவித்த பாவ் ரொட்டி விற்கும் பாவ் கடை அக்கா இருந்தார், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். குறைந்த குரலை மலாக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இரவல் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு அது பழகிப்போயிற்று. உனக்கு மட்டும் ஆறவே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்புவாய்.

"சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த வீட்டுப் பொண்ணக் கொண்டாந்து ஒக்கார வெக்கிற மாதிரி இருக்குடி. மானம் போவுது."

அப்படிப் புலம்பிக்கொண்டு வந்த ஒரு நாள், சிக்னலில் கார் நின்றபோது நான் என்னை அறியாமல் முணுமுணுத்தேன். நீ பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், நீயோ "திரும்பப் பாடு" என்கிறாய்.

"லெச்சுமி, நமக்குக் கொறயிற கொரலு நீதான்டி."

"அலமாக்! நானா? என்னையப் பாத்தா ஹொக்கியன் பொம்பள மாதிரியா இருக்கு?"

"பாக்க எதுக்கு? வாயத் தொறந்து பாடு, போதும்லா."

என்னைக் கூட்டிப்போய் நீ சொன்னதும் சங்கத் தலைவர் முகத்தைச் சுளித்தார். இரும்புக் கடைக்காரர், பிபா வாசிப்பவரும் அவரே. மலாக்காவிலிருந்து வருகிறவர்களாவது நம் ஆட்கள் என்றார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஹொக்கியன் புரியும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று போலும். என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு நீ பொரிந்து தள்ளினாய். "இவ இந்த ஊருத் தண்ணியக் குடிக்கிறவ. நான் பெத்த புள்ளைங்களுக்கு வராத பாட்டு இவளுக்கு வருது. அப்பறம் யாரு நம்ம ஆளு?" அவர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. படி இறங்கும்போது, "ஒத்துக்கிட்டாரு" என்று நீயாக முடிவு செய்துகொண்டாய்.

பாட்டு எனக்கு வந்துவிட்டது. காத்திருக்கத்தான் வரவில்லை. நாங்கள் தமிழர்கள் பாட உட்கார்ந்தால் வலது கை தானாகத் தொடைக்குப் போய்விடும். சின்ன வயதிலிருந்து கோயிலில் தட்டிப் பழகிய தாளம், சொன்னால் கேட்காது. உங்கள் பாட்டில் சும்மா இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் நான் தொடையில் தட்டி நிரப்பினேன். நேராக நீட்ட வேண்டிய சுரத்தைப் போட்டு உலுக்கினேன். "ஏன்டி கொரல ஆட்டுற? பஸ்ஸுலயா போற?" என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். கடைசியில் என் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து இரண்டு கைகளிலும் தாளக்கட்டையைத் திணித்தாய். கை இரண்டும் மாட்டிக்கொண்டால் தொடை தப்பிக்கும் என்பது உன் கணக்கு. கை அடங்கியதும் கால் ஆட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் உனக்குக் கோபம் வந்து, என் காலைக் கட்டத் துண்டு தேடினாய்.

மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. தட்டு இல்லாத இடத்திலும் குழல்காரரின் மூச்சு போய்க்கொண்டேதான் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கைக்கு வேலை தேட வேண்டியதில்லை.

விழா அன்று பட்டுச்சேலையில்தான் வர வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். விருந்தாளிகளுக்குப் பாவ் அடுக்கிக்கொண்டிருந்த பாவ் கடை அக்கா என்னை ஓரமாய்க் கூப்பிட்டார். "ஒனக்குத் தெரியும்தானே? நீ பாட்ட அறுத்துட்டா அவ இனிமே சங்கத்துல பாடுற நாக்காலியில ஒக்கார மாட்டா. அப்படின்னு தலைவர்கிட்ட வாக்குக் குடுத்துட்டுத்தான் ஒன்னையச் சேத்தா" என்றார். உன்னைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "சொன்னா நீ வந்திருக்க மாட்ட. போயி முந்தானையச் சரி பண்ணு" என்றாய். அந்த நாற்காலி இல்லாவிட்டால் உனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை என் தொண்டையை நம்பிப் பணயம் வைத்துவிட்டு, நீ நிம்மதியாக அசாம் போய்ப் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தாய்.

நீ முதலில் பாடினாய். வாத்தியார் பாடினார். வாத்தியார் கையிலிருந்து தாளக்கட்டை என் இரண்டு கைகளுக்கும் வந்தபோது கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. முதல் வரி நேராகப் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. பாட்டின் நடுவில், நீளமான ஓரிடத்தில், என் மாரியம்மன் தொண்டை தன் புத்தியைக் காட்டிவிட்டது. குரல் ஆடியது. ஆடிய வேகத்தில் அடுத்த சொல் எங்கே என்று தெரியாமல் போயிற்று. அப்போது பிபாவை வைத்திருந்த தலைவர், தலையைக்கூட நிமிர்த்தாமல், அதே சுரத்தை இன்னொரு தரம் மெல்ல மீட்டினார். பிறகு இன்னொரு தரம். குழல்காரரும் மூச்சை விடாமல் கூடவே நின்றார். நான் காத்திருந்தேன். தட்டவில்லை, பதறவில்லை. சொல் வந்தது, பாடினேன். முடித்து, கட்டையைப் பாவ் கடை அக்காவிடம் இரண்டு கைகளாலும் நீட்டினேன். நாதம் அறுபடவே இல்லை.

தேநீர் நேரத்தில் மலாக்காக்காரர் ஒருவர் வழக்கம்போல, "இந்த வருசம் யார இரவல் வாங்குனீங்க?" என்று கேட்டார். தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யாரையும் வாங்கல" என்றார். நீ என் பின்னால்தான் நின்றாய். திரும்பிப் பார்த்தால் உன் கன்னமெல்லாம் கண்ணீர். "என்னாடி?" என்றேன். "தொட தப்பிச்சிடிச்சி" என்றாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இப்போது உன் படம் சங்கத்துச் சுவரில், முன்னோர் வரிசையில் இருக்கிறது. நல்ல படமாகத்தான் தேர்ந்தெடுத்தோம், வாயை மூடியிருக்கும் படம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு தடவை உங்களுக்கெல்லாம் பழமும் தேநீரும் படைத்து வாசிக்கும்போது நானும் உட்கார்ந்து பாடுகிறேன். ஒரு தமிழச்சி பாடும்போது நமக்கென்ன கேடு என்று பாவ் கடை அக்காவின் மருமகள் வந்து சேர்ந்தாள். அவளைப் பார்த்து, ஹொக்கியன் பேசவே கூச்சப்பட்ட ஓர் ஆசிரியையும் வந்தார். மாடியில் இப்போது நாற்காலி போதவில்லை. என் பேச்சும் மாறிவிட்டது என்கிறார் என் வீட்டுக்காரர். யாராவது சொல் தேடித் தடுமாறினால் முன்பெல்லாம் நானே எடுத்துக் கொடுத்து முடித்துவிடுவேன். இப்போது அவர்கள் வந்து சேரும்வரை இருக்கிறேன். இது உன்னிடமிருந்து வந்தது, எங்கே போனாலும் என்னோடுதான் வருகிறது.

போன வாரம் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து ஊரான மூவாரின் சங்கத்திலிருந்து தலைவருக்குப் போன் வந்தது. அவர்களுடைய பாடகி ஒருவர் மகனோடு வெளிநாடு போய்விட்டாராம். நாளை நடக்கப்போகும் அவர்கள் விழாவுக்கு ஒரு குரல் குறைகிறதாம். பத்து பாகாட் இரவல் தருமா என்று கேட்டார்கள். நம் ஊரைக் கேட்டார்கள், காதில் விழுகிறதா உனக்கு? பெயர் தெரியாமல், அந்தப் பட்டுச்சேலைக்காரம்மாவை அனுப்ப முடியுமா என்று அடையாளம் வேறு சொன்னார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஹொக்கியனில் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

"சரி, அனுப்புறோம். ஆனா இரவலாத்தான். அவங்க எங்க ஆளு. விழா முடிஞ்சதும் பத்திரமா திருப்பி அனுப்பிடணும்."