துரை முன்னால் நேராக நின்ற கண்

அக்கா,

பழைய குறிப்பேட்டைப் புரட்டும்போது பென்சிலால் வரைந்த இரண்டு ஜோடிக் கண்கள் அகப்பட்டன. உனக்குப் புரியவேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வரைந்தவை.

உன் மகளுக்கு அப்போது ஆறு வயது. களைத்தால் இடது கண் வெளிப்பக்கம் ஓடும். வெயிலில் அதை மூடிக்கொள்வாள். லாபிஸ் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள், "ஒரு கண்ணு சிகாமட்டுக்கு, ஒரு கண்ணு சிங்கப்பூருக்கு" என்று ரயில் போகும் இரு திசையையும் சொல்லிக் கத்துவார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் துரை இரண்டு வழி சொன்னார். இரு கண்களிலும் வெளித்தசையைத் தளர்த்துவது ஒன்று. ஓடும் கண்ணில் மட்டும் வெளித்தசையைத் தளர்த்தி, உள்தசையைக் குறுக்கித் தைப்பது மற்றொன்று. படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல கண்ணுல எதுக்கு தம்பி கத்தி?" என்றாய். ஒரு கண் என்று முடிவாயிற்று. கண் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு தளர்த்த வேண்டும் என்றார்.

அங்கேதான் தவறினோம். பெரிய மனிதரிடம் போகிறோம் என்று அவளை நன்றாகத் தூங்கவைத்து, தலைக்கு ஊற்றி, பூப்போட்ட கவுன் மாட்டி அழைத்து வந்திருந்தாய். "தொரை முன்னால கண்ண நேரா வச்சிக்க. மானத்த வாங்காத" என்றாய். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தாள்.

"சாயங்காலத்தில் அதிகமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க தொரை, எப்பயாச்சும் தான்" என்றாய்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நான் பத்திரிகைக்காரன், சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பழகியவன். ஆனால் உன் வீட்டு வாசலில் மாலைதோறும் அந்தக் கண் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

குறைவாகவே தளர்த்தினார்கள். மூன்று மாதம் நேராக நின்றது. லயம் முழுக்க அவளைக் கூட்டிப்போய்க் காட்டினாய். பிறகு பழையபடி ஓடிற்று. மறுபடி செய்யலாம் என்றார் டாக்டர். "இன்னொரு தரம் எம்புள்ளைய அந்தக் கட்டில்ல படுக்க வைக்க மாட்டேன்" என்றாய். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீயே போய்விட்டாய். அந்த டாக்டரும் ஊர் மாறினார். உன் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "பழகிப்போச்சு, விடுங்க மச்சான்" என்றார்.

போன வாரம் லாபிஸ் போனேன். அவளும் இப்போது ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறாள். நான் திரும்பும்போது வழியனுப்ப வந்து ஸ்டேஷன் வெயிலில் ஒரு கண்ணை மூடி நின்றவள், நான் பார்ப்பதைக் கண்டதும் இரண்டையும் திறந்து நேராக்கிக்கொண்டாள்.

"வேணாம்மா, வுடு" என்றேன்.

"இருக்கட்டும் மாமா."

ரயில் நகரும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

'ஆமாம் டாக்டர், சாயங்காலத்தில் அதிகம்.' அந்த வாக்கியம் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது, அக்கா.