நீலக்கால் கிளையினம்

கணவாய் நிலையம், நெய்தல் கோள்

நாள் 61, காலை
காற்று மிதம். வலையில் நான்கு வல்லூறுகள். பூமியிலிருந்து என்றோ கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். ஆண்டுதோறும் இந்தக் கணவாய் வழியாகத் தெற்கே ஏரிக்கு வலசை போகும். இவ்வாண்டு பாதிக்கு மேல் பாறையை விட்டு நகரவில்லை. நகராதவற்றுக்கெல்லாம் கால் நீலம். போகிறவற்றுக்கு மஞ்சள்.

வலசை போகாத தனிக் கிளையினம்! எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்கிய மேதாவிகள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. பெயரும் முடிவாகிவிட்டது: சடையப்பன் வல்லூறு. என் பெயர்தான்.

நாள் 64, மாலை
ஏரி முகாமில் மீன் வளர்க்கும் நாற்பது பேருக்கும் வானொலியில் பேசுவது ரெபேக்காதான். அவள் பேசியது:

"ஸார், பறவை ஒண்ணையும் காணல. மீனு வேற செத்து மெதக்கு. வல்லூறு வராத வருசம் கரையில நிக்கப்பிடாதுன்னு எங்காளுவ சொல்லுதாவ. வண்டி அனுப்புதியளா?"

மீன்காரர்களின் ஜோசியத்துக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வராதது வேறு கிளையினம், வராமல் இருப்பதே அதன் இயல்பு, பேசாமல் இருங்கள் என்றேன். நிலையத்தின் ஆளில்லா ஊர்தியை அனுப்ப என் உத்தரவு வேண்டும். தரவில்லை.

நாள் 66, காலை
மஞ்சள்கால் ஒன்று திரும்பி வந்து கையிலேயே செத்தது. இறகில் கந்தக நாற்றம். இறக்கை, அலகு, வால் எல்லா அளவும் நீலக்காலோடு ஒத்துப்போகின்றன. கருவி பழுது என்று அதைத் திட்டினேன். பிறகு ரெபேக்காவிடம் நீலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அது நாங்க பூசுறதுல்லா ஸார்! ஏரிக்கு வந்தத ரெண்டு தரம் எண்ணிரப்பிடாதுன்னு படகுச் சாயத்தத் தொட்டு வைப்போம். அதுவ எங்க பழைய பறவைய. அதுவளா வரமாட்டேங்கு?"

நீலக்கால் ஒன்றைப் பிடித்து, பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைத்தேன். நீலம் பஞ்சுக்கு வந்தது. அடியில் மஞ்சள்.

ஏரியிலிருந்து கந்தக வாயு கிளம்புகிறது; ஏரியை அறிந்தவை போகவில்லை. இந்த ஆண்டுக் குஞ்சுகள் மட்டும் போய், கரை சேருமுன்பே வாயுவில் சிக்கியிருக்கின்றன. சாயத்தைப் பார்த்துக் கிளையினம் கண்டவன் நான். உடனே ஊர்தியை அனுப்பினேன்.

நாள் 67
வானொலியில் ரெபேக்கா: "ஏரி பொங்குது ஸார். பிள்ளையளுக்கு மூச்சு முட்டுது. நீங்க இருங்கன்னு சொன்னதுனாலதான இருந்தோம். வண்டி எங்க ஸார்? வண்டி..."

ஊர்தி கரையை அடைந்து கதவைத் திறந்தது. யாரும் ஏறவில்லை. காத்திருக்கும் நேரம் முடிந்ததும் தானாகத் திரும்பிவிட்டது.

நாள் 68
பாறை காலி. நீலக்கால்கள் வடக்கே போய்விட்டன. கணவாய்க்குள் மஞ்சள் புகை நுழைகிறது. ஊர்தி வாசலில் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது. நாற்பது இருக்கை. ஒன்றில் உட்கார்ந்து தப்பித்துப் போக எனக்குக் கூசுகிறது.

இருமல். எழுத்து கோணுகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயரைப் பறவைக்கு வைத்துவிடாதீர்கள். அதற்கு அறிவு இருந்தது.

வகைப்பாட்டில் திருத்தம். வலசை போகாத கிளையினம் ஒன்று உண்டு. மாதிரி மேசைக்கடியில் கிடக்கும், சட்டை போட்டபடி. கால் நீலமாக இருந்தால் அது சாயமல்ல. அளவெடுக்க