பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த எழுத்து

ஏங்க,

புளிக்குழம்பு சட்டியில் இருக்கிறது. சோறு நீங்களே வடித்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டேன். இனி அது உங்களுடையது.

மலை முகாம்களுக்குத் தூக்கிப்போக மெலிசாக வேண்டும், சார்ஜ் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்றுதானே கேட்டேன்? ப்ராசஸர் பெயர் ‘யூ’ என்று முடிந்தால் கரண்டைக் கம்மியாகக் குடிக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். “அதையேதான் வாங்கிகினு வந்தேன் ஷாலினி” என்றீர்கள். பூசை போட்டு, பிள்ளையார் ஸ்டிக்கரும் ஒட்டித் தந்தீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் நானும் அவருக்குப் பொட்டு வைத்தேன்.

இதுவரை போன முகாம்களில் கரண்ட் இருந்தது. நேற்று மலைமேல் கரியாலூரில் இல்லை. பதினொரு மணிக்கே லேப்டாப் அணைந்துவிட்டது. மருத்துவ அட்டைக்குப் பதிய நடந்து வந்த பெண்கள், “இன்னா மேடம், நாளைக்கும் கூலியை வுட்டுட்டு வரணுமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சூட்டில் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியிருந்தது. உரித்தேன். அடியில் கம்பெனி ஒட்டிய சீட்டில் ப்ராசஸர் பெயர், கடைசியில் ‘ஹெச்’. கரண்டை மடமடவென்று குடிப்பது, கேம் ஆடுகிறவர்கள் தேடி வாங்குவது. ஞாயிறு முழுக்க நீங்கள் அதை மடியைவிட்டு இறக்காதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

“எனக்கும் வேண்டும்” என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேனா? சாமியை வைத்தா மறைப்பீர்கள்?

நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மலை பஸ்ஸுக்குப் போகிறேன்.

ஷாலினி

கேஸ்காரர் வருவார். புத்தகம் டிவி மேல்.

அப்பளம் டப்பாவில் இருக்கிறது, நமுத்துப்போகுமுன் சாப்பிடுங்கள்.

பிள்ளையாரைத் தேடாதீர்கள். என் நோட்டுக்குள் வைத்துக் கூட்டிப்போகிறேன். இத்தனை மாதம் உங்கள் பொய்க்கு அவர் காவல் நின்றது போதும்.