அறுபதில் ஒரு படம்

நாள் 406. காலை 07:15

கேன் 88 வந்தது 06:52-க்கு. பிடித்தாயிற்று. எடை சரி. கிட்டங்கியில் அடுக்கியாயிற்று. கேன் முதுகில் வழக்கம்போலப் பெயிண்டால் எழுத்து: "முழிச்சிருக்கீங்களா அண்ணாச்சி?"

எழுதியவள் ரூபாவதி. கோவில்பட்டிக்காரி. கீழே நிலாவில், பனிச் சுரங்கத்தில் துளையடிக்கிறாள். வெட்டிய பனியைக் கேனில் அடைத்து, தண்டவாளத்தில் வைத்து மேலே எறிவதும் அவள்தான். நிலாவைச் சுற்றும் இந்த நிலையத்தில் தனியாளாக உட்கார்ந்து, நாற்பது மீட்டர் இரும்புக் கையால் அதைப் பிடிப்பது நான். பெயர் இன்னாசி மோத்தா. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை.

ரூபாவதியை நேரில் பார்த்ததில்லை. ரேடியோவில் வாய் மட்டும் தெரியும். அதுவே ஒரு தெருவுக்குப் போதும்.

நிலையத்தில் சன்னல் இல்லை. பாரம் என்று எடுத்துவிட்டார்கள். வெளியே நடப்பதைக் கேமரா எடுக்கும், கம்ப்யூட்டர் திரையில் காட்டும். அதைப் பார்த்து நான் கையை ஓட்ட வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

நாள் 409. பகல் 11:40

கேன் 89 கை தவறிப் போயிற்று. இன்று 90-ம் போயிற்று.

நடந்தது இது. திரையில் என் இரும்பு விரல்கள் கேனின் வளையத்தைப் பிடித்தன. நன்றாகப் பார்த்தேன். அடுத்த நொடி படம் ஒரு துள்ளு துள்ளியது. கேன் அரை மீட்டர் தள்ளி நின்றது. நான் பிடித்திருந்தது வெறும் காற்றைக்கூட இல்லை. இங்கே அதுவும் கிடையாது.

ஊர் அலுவலகத்தில், அதாவது பூமியில், கிருபாகரன் என்று ஒரு கொள்முதல் அதிகாரி. இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பிய புண்ணியவான். அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் "இயக்குபவரின் வயது" என்று எழுதியிருக்கிறார். கை நடுக்கச் சோதனை வேண்டுமாம். கேமரா முன்னால் ஊசியில் நூல் கோத்துக் காட்டினேன். அவரையும் ஒரு தடவை கோக்கச் சொன்னேன். ஊசி எடுக்கப் போனவர் அன்று திரும்பவில்லை.

நான் அனுப்பியது: "சார், எனக்கு அறுபத்தாறு. கண்ணு நல்லாருக்கு. ஒங்க கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணுல பொரை. மொதல்ல அதுக்கு ஆப்பரேசன் பண்ணுங்க."

ரூபாவதி: "நான் நாலு நாளு வெட்டுன பனி அண்ணாச்சி. அடுத்த கேன்ல கயிறு கட்டி ஒங்க இடுப்புல முடிஞ்சு விடட்டுமா?"

நாள் 415. காலை 10:05

கத்திக் கத்திப் பார்த்ததில் பூமிக் கப்பலில் புது கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. படம் வரைகிற பலகை அதுதான். பழையது திணறுகிறது, அதனால்தான் படம் துள்ளுகிறது என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். செங்கல் பருமன், மூன்று ஃபேன். அட்டைப்பெட்டி மேல் ஒரு ராட்சசப் பறவை. பறவைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தமோ.

கூடவே கிருபாகரனின் குறிப்பு: "கேபினெட்டைத் திறக்கவும். பழையதை எடுக்கவும். புதியதைச் செருகவும். மூடவும். பத்து நிமிட வேலை."

நாள் 415. மாலை 17:30

ஏழு மணி நேரம் ஆயிற்று. இன்னும் மூடவில்லை.

இது ரெடிமேட் பெட்டி. எவனோ முன்னாலேயே பூட்டி, சீல் ஒட்டி விற்றது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்து வந்த வாடையை எழுத எனக்குப் படிப்பு போதாது. கருகின பசை, ஈரத் துணி, நடுவில் மீன். ஃபேன் அச்சில் ஒரு கொத்துத் தலைமுடி சுற்றியிருக்கிறது. நீளமானது, எண்ணெய் தேய்த்தது. என் தலையில் மூன்று வருடமாக முடி இல்லை. மதர்போர்டு மேல் வெற்றிலைச் சிவப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை. பழைய கார்டுக்கு அடியில் தட்டையான கரப்பான் பூச்சி ஒன்று. பூமியிலிருந்து நிலா வரை சும்மா வந்திருக்கிறது. எனக்கே அத்தனை பரீட்சை வைத்தார்கள்.

வெளியே "விண்வெளித் தரம்" என்று வெள்ளி ஸ்டிக்கர். ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: "பள்ளி ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்."

கையை மூன்று தடவை துடைத்தேன். இந்தப் பெட்டியை நம்பித்தான் இத்தனை நாள் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே கை ஓட்டியிருக்கிறேன்.

நாள் 416. மாலை 16:10

பெட்டியைப் பூட்டியவன் பழைய கார்டை, அது செருகி நிற்கும் ஸ்லாட்டோடு பசை வைத்து ஒட்டியிருக்கிறான். ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் பசை. சூடுகாட்டி இழுத்தேன். பாதி கார்டு கையோடு வந்தது, பாதி உள்ளேயே நின்றது. அது இனி ஆகாது. திரும்பிப் போக வழி இல்லை என்று இங்கே பதிகிறேன்.

மிச்சத்தைச் சுரண்டி எடுத்தேன். புது கார்டு இரண்டு விரற்கடை நீளம் கூட. குறுக்கே இருந்த தகட்டை ரம்பத்தால் அறுத்தேன். பிறகு கரண்ட். பவர் சப்ளையில் இந்தக் கார்டுக்கு வேண்டிய ஒயரே கிடையாது. பிளக்கும் ஊரில் இல்லாத வடிவம். அவனிடமே மறுபடி வாங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அறைச் சூடேற்றியின் இணைப்பை வெட்டிக் கார்டுக்குக் கொடுத்துவிட்டேன். இனி குளிரில் உட்கார வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் கேடு ஸ்லாட். வெளியே பார்க்க முழு நீளம். டார்ச் அடித்துப் பார்த்தால் முன் பக்கம் கால்வாசிக்குத்தான் உள்ளே பின் இருக்கிறது. மீதி வெறும் பிளாஸ்டிக் வாய். பதினாறு வழி இருக்க வேண்டிய இடத்தில் நாலு. கேமராப் படம் இந்தச் சந்து வழியாகத்தான் கார்டுக்குப் போக வேண்டும்.

இதைச் செய்தவன் வீட்டில் கக்கூசுக்குக் கதவு வரைந்துதான் வைத்திருப்பான்.

நாள் 417. பகல் 12:25

ஓடுகிறது. படம் வழுவழுவென்று வருகிறது. துள்ளல் இல்லை. கேனின் கீறல்கூடத் தெரிகிறது. கேன் 91 வந்தது, நேராக, சாதுவாக. பிடித்தேன். இரும்புக் கையின் அடி அறைச் சுவரில் வந்து முடிகிற இடத்தில் பழைய எடைமானி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் சேராமல், கேனின் இழுப்புக்கு ஏறுகிற வெறும் முள். அதுவும் ஏறியது. சரி.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. திரை மூலையில் பொடி எழுத்தில் "நிஜம் 1, காட்டுவது 60" என்று இருக்கிறது. கிருபாகரனைக் கேட்டேன். சந்து வழியாக நொடிக்கு ஒரு படம்தான் வந்து சேர்கிறதாம். நடுவில் மீதி ஐம்பத்தொன்பதையும் கார்டு தானாக ஊகித்து வரைகிறதாம். பழைய கார்டும் இதையேதான் செய்ததாம், ஆனால் அதற்கு அவ்வளவாக வரையத் தெரியாதாம். பொய் சொல்லத் தெரியாதவன் போய், தெரிந்தவன் வந்திருக்கிறான்.

எதை வைத்து ஊகிக்கிறது என்று கேட்டேன். கார்டு கம்பெனிக்காரர்கள் ஆயிரக்கணக்கான பழைய படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். எல்லாம் வெற்றிகரமாக முடிந்த வேலைகள்.

"தவறவிட்ட படம் ஒண்ணுகூடக் காட்டலையா சார்?"

கிருபாகரன்: "தோத்ததை வெச்சு எதுக்குய்யா பழக்கணும்? நல்லதைப் பாத்துதானே கத்துக்கணும்."

நாள் 418. பகல் 12:50

கீழே விபத்து. துளைக்கம்பி சரிந்து ரூபாவதியின் தொடையில் விழுந்திருக்கிறது. எலும்பு நொறுங்கிவிட்டது. இறுக்கிக் கட்டியும் இரத்தம் முழுதாக நிற்கவில்லை. இங்கே மருந்து அலமாரி இருக்கிறது. நாளைக் காலை பூமிக் கப்பலும் இங்கேதான் வருகிறது. கூட வேலை செய்பவர்கள் அவளை ஆள் கேனில், அதாவது ஆள் ஏற்றுகிற கேனில், படுக்க வைத்து எறியப் போகிறார்கள். காற்று ஐந்து மணி நேரத்துக்கு. கேனுக்குச் சொந்த இன்ஜின் கிடையாது. நான் பிடித்தால் உண்டு.

எறியாதீர்கள், படத்தை நம்ப முடியாது என்று சொன்னேன். கிருபாகரன், படத்தின் தரம் இதுவரை இல்லாத அளவு சிறப்பு என்று சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்துக்கு மேல் முத்திரை வேறு.

நாள் 418. பகல் 13:40

13:05-க்கு எறிந்துவிட்டார்கள். 15:30-க்கு இங்கே. காற்று 18:05 வரை.

ஊகத்தை நிறுத்த வேண்டும். நொடிக்கு ஒரு படம் வந்தாலும் போதும், நிஜமாக வரட்டும், நான் பார்த்துக்கொள்வேன். துறைமுகத்தில் மழைக்குள்ளேயே பெட்டி இறக்கியவன். ஆனால் கம்ப்யூட்டரில் அதை நிறுத்துகிற இடத்தில் பூட்டு. கம்பெனியின் கடவுச்சொல் கேட்கிறது. கம்பெனிக்குச் செய்தி போட்டோம். பதில் வந்தது: கேபினெட் சீல் உடைக்கப்பட்டிருப்பதால் உதவி தருவதற்கில்லை.

துப்ப வேண்டும்போல் இருக்கிறது. இங்கே துப்பினால் கீழே விழாது, மிதந்து சுற்றி என் முகத்துக்கே வரும்.

ரூபாவதி: "அண்ணாச்சி, இங்க தலைக்கு மேல ஒரு சின்ன சன்னல் இருக்கு. நிலா மட்டும்தான் தெரியுது. ரெண்டு வருசம் அதுக்குள்ள கெடந்தேன், வெளிய வந்தும் அதையே பாக்கணுமா?"

நான்: "கை தெரிஞ்சா சொல்லு தாயி. நான் குருடன், நீதான் கண்ணு."

ரூபாவதி: "கேன் சுத்துது. ஒடஞ்ச காலக் கட்டயோட சேத்துக் கட்டினதுல ஒரு பக்கம் கனம் போலருக்கு."

பனிக் கேன்கள் ஒன்றுகூட இப்படித் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வந்ததில்லை. கார்டு அப்படி ஒன்றைப் பார்த்திருக்காது.

நாள் 418. பகல் 15:34

பிடித்தாயிற்று என்று திரை சொல்கிறது.

விரல்கள் வளையத்தில் மூடியிருக்கின்றன. கேன் ஆடாமல் நிற்கிறது. பெயிண்ட் எழுத்துகூடத் தெரிகிறது, எழுதுகிறவள் உள்ளே கிடக்க. ஊரில் இதே படத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். யாரோ விசில்.

எடைமானியின் முள் ஏறவே இல்லை. சைபரில் நிற்கிறது.

இரும்புக் கையை ஓட்டும் லீவரைத் தொட்டேன். கனம் இல்லை. முப்பத்தொரு வருடமாக என் கைக்குத் தெரிந்த ஒரே படிப்பு இதுதான். ஒன்றும் இல்லை.

ரூபாவதி: "புடிச்சிட்டீங்கன்னு சொல்றாங்க அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் இடிக்கலையே."

நாள் 418. பகல் 15:41

கிருபாகரனிடம் சொன்னேன். படத்தில் தெளிவாக இருக்கிறது, முள் பழசு, அதற்கும் புரை வந்திருக்கும் என்றார். நான் சொன்ன கேலியை எனக்கே திருப்புகிறார். அவசர நிலையை விலக்கிவிட்டார்கள். பிடிபட்டது என்று பதிவாகிவிட்டது. நிஜமான படங்கள் நொடிக்கு ஒன்று வர வேண்டுமே என்றால், இப்போது அந்த எண் "நிஜம் 0, காட்டுவது 60" என்று நிற்கிறது. குளிரிலோ கரண்டு போதாமலோ கேமரா வழியே அடைத்துக்கொண்டது. கார்டுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வரைந்துகொண்டே இருக்கிறது.

ரூபாவதி: "சன்னல்ல இப்ப ஒங்க நெலையம் ஒரு தடவ சுத்தி வந்துச்சு. சின்னதா இருந்துச்சு."

மறுபடி கேட்டேன்.

ரூபாவதி: "மொத தடவையவிட சின்னதா இருந்துச்சு அண்ணாச்சி."

நாள் 418. மாலை 16:20

வெளியே போக, வாயுவைப் பீச்சி நகர்கிற ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. ஒருவர் உட்காரலாம். தனியாளாக எடுக்கக் கூடாது என்று விதி. வாயு போய்ச் சேர்வதற்குப் போதும்; திரும்புவதற்குச் சந்தேகம். அவள் ரேடியோ சத்தம் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் போவேன். தலைக்கவசக் கண்ணாடிக்கு வெளியே இருப்பதை என் சொந்தக் கண்ணால் பார்ப்பேன். ஒரு வருடமாயிற்று அப்படிப் பார்த்து.

அவளிடம் வருகிறேன் என்று சொன்னேன்.

ரூபாவதி: "ஒங்க மூஞ்சி எப்டி இருக்கும்னே தெரியாதே. எப்டி அடையாளம் கண்டுபுடிக்க?"

நான்: "சுத்தி வேற யாரும் இருக்க மாட்டாவ தாயி. தட்டுறவன் நான்தான். கண்ண மூடாம பேசிக்கிட்டே வா. என்னைய நாலு வசவு வஞ்சுக்கிட்டே வா."

வைய ஆரம்பித்திருக்கிறாள். பழைய பலம் இல்லை. ஆனாலும் சொற்கள் அதேதான்.

நாளைக் காலை வரும் கப்பல்காரர்களே, இது உங்களுக்கு. திரையைப் பார்த்து எதையும் எழுதாதீர்கள். கதவைத் திறந்து, கையால் தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.

நாள் 418. மாலை 16:38

சூட் போட்டாயிற்று. கையுறை மட்டும் பாக்கி. மாட்டினால் இந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்ய முடியாது. வெளிக்கதவின் பம்ப் ஓட ஆரம்பித்திருக்கிறது. ஆள் போகிறான் என்று கம்ப்யூட்டருக்கும் தெரிந்துவிட்டது.

கிளம்புமுன் திரையை ஒரு தடவை பார்த்தேன். மூலையில் இன்னும் "நிஜம் 0".

தள்ளுவண்டி திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிறவன் நான். பின்னால் ஆள் கேன் கட்டியிருக்கிறது. வண்டி கதவோரம் வந்து நின்றது. நான் இறங்கினேன். கேனைத் திறந்து அவளைத் தூக்கினேன். அவள் கையை அசைக்கிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று தோல் மட்டும் இருக்கிறது.

கதவு இன்னும் திறக்கவில்லை. ஊரில் மறுபடி கைதட்டுகிறார்கள்.