ஜன்னலுக்குப் போன பிஸ்கட் டப்பா

அன்புள்ள முரளி,

போன இடத்திலாவது கரண்ட் போகாமல் இருக்கும் என்று நம்புகிறேன். மயிலாப்பூரில் எல்லாம் வழக்கம்போல்தான். குளத்தில் தண்ணீர் இல்லை, எனக்குத் தலையில் முடி இல்லை, உன் அக்காவுக்குத் தூக்கம் இல்லை.

நீ செய்த ரோபோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரோபோ என்பது நீ கொடுத்த மரியாதை. நான் பார்த்தவரை அது பொம்மைக் கார் சக்கரம் வைத்த பிஸ்கட் டப்பா. "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அத்திம்பேர். டீவி ரிமோட்லேர்ந்து வரதே, அதேதான். அது எங்கேர்ந்து வரதோ, இது நேரா அங்கே போகும்" என்று நீ விளக்கியபோது நான் கொட்டாவி விட்டேன். அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் காபி கொண்டுவந்து அக்காவை அசத்தப்போகிறது என்றாய். அதற்குள், கிண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டாய். அதை ஓட்டும் கருவி இருந்த உன் பையும் அந்த பஸ்ஸோடு தொலைந்தது.

அக்கா தினமும் டப்பாவைத் துடைத்து, ஸ்விட்சைப் போட்டு, கூடத்தின் நடுவில் வைப்பாள். அது அசையாது. ஒருநாள் சாயங்காலம் அசைந்தது. தானாகத் திரும்பி, ஜன்னலடியில் போய் நின்றது. எந்த ஜன்னல் தெரியுமா? அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நீ சிகரெட் பிடிப்பாயே, அதே ஜன்னல்.

"முரளி வந்துட்டுப் போறான்" என்றாள்.

நீ போனதிலிருந்து ராத்திரித் தட்டைத் தொடாதவள், அன்றைக்குத் தோசை கேட்டுச் சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து ஜன்னலில் உனக்கு ஒரு டம்ளர் காபி.

என் மூக்கு சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்தேன். ஊர்வம்புக்காக நான் எட்டிப் பார்த்துப் பழகிய ஜன்னல்தானே. சந்துக்கு அந்தப் பக்கம் பங்கஜம் மாமி புதிதாக வந்த கேபிளில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். டீவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் ஜன்னலோரம் இருந்தது. விளம்பரம் வந்ததும் மாமி ரிமோட்டை நீட்டினாள். இங்கே டப்பா கிளம்பியது.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

அப்புறம் மாமி வீட்டுக்கு வாஸ்துக்காரர் ஒருவர் வந்தார். டீவி அந்த மூலையில் இருக்கக்கூடாது என்று உள் அறைக்கு மாற்றிவிட்டுப் போனார். மாமிக்கு என்ன சுபிட்சம் வந்ததோ, இங்கே டப்பா நின்றுபோனது. காபி ஆறிப்போனது. அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

நம் வீட்டு டீவி இன்னும் காதைத் திருகினால் பாடுகிற ரகம். ஆகவே ரிமோட்டுக்காக ரிச்சி தெருவுக்குப் போனேன். "இன்னா டீவி சார் கீது வூட்ல?" என்று கடைக்காரன் கேட்டான். "மச்சினனுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

அன்று சாயங்காலம் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திரைக்குள் அடங்காத தொப்பையை மூச்சைப் பிடித்து அடக்கி, இடுக்கு வழியாக ரிமோட்டை நீட்டி அழுத்தினேன். டப்பா திரும்பியது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறதோ அங்கே நேராக வரும் என்று நீ சொன்னது, அது என் கால் கட்டைவிரலில் வந்து முட்டியபோதுதான் ஞாபகம் வந்தது. பயத்தில் பட்டனை விட மறந்தேன். அது விடாமல் முட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"போறும், பட்டனை விடுங்கோ. அவன் வரமாட்டான்."

அழுவாள் என்று நினைத்தேன். காபியை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். எனக்காவது கொடுத்திருக்கலாம். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டப்பா இப்போது பரண்மேல் இருக்கிறது. ராத்திரித் தட்டு தள்ளித்தான் இருக்கிறது.

என்னால் முடிந்தது ஒன்றுதான், முரளி. உன் பேரில் இனி எந்தப் பட்டனையும் அழுத்தமாட்டேன். சாயங்காலமானால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். நீ வராததை அவள் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்காவைக் கட்டிக்கொண்டபோது உன்னையும் சேர்த்துப் பெற்ற,
உன் அத்திம்பேர்