றிபாத்தின் பெயர்

அன்புள்ள பஸ்மினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி குறைந்ததா?

"என்ட தம்பி றிபாத் என்னில உள்ள கோவத்திலயா தற்கொலை செஞ்சான்?" என்று நான் டோஹாவுக்குப் புறப்படும்போது கேட்டாய்.

இங்கே நூலக வேலை முடிந்ததும் அதைப்பற்றி வாசித்தேன். நேசித்தவர்மேல் உள்ள கோபம் தன்மேலேயே திரும்புகிறது என்றார்கள் பழைய உளப்பகுப்பாய்வாளர்கள். தாங்கமுடியாத வேதனையில் மூளைக்கு வேறு வழி தெரியாமல் போகிறது என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். பல்வலியில் உனக்குப் பெருநாளே மறந்துபோனது நினைவிருக்கிறதா? அப்படித்தான். அவனுக்கு வலித்தது, பஸ்மினா. உன்மேல் வெறுப்பில்லை.

நேற்று சோற்றை அடிப்பிடிக்க விட்டுத் தனியே சிரித்தேன். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்துவிடு.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை யாசீன் சூரா ஓதி, மௌத்தாகிப் போனவர்களின் பெயர்களைச் சொல்லித் துஆ கேட்கும்போது, தற்கொலை பாவம் என்று றிபாத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். இந்த வாரம் அவன் பெயரையும் சத்தமாகச் சொல்.

உன் கணவன் முகைதீன்பாவா