பெரட்டுக் களமா, புரட்டுக் களமா?

2024 மே 6, திங்கள்
தாய்மார் வேலை முடியும்வரை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இன்று எல்லாப் பிள்ளைக்கும் மூக்கொழுகல். சாயந்தரம் பிள்ளைகளைத் தூக்கிப்போக வந்த பெண்களிடம் நாமும் வலைப்பந்து ஆடலாமே என்று என் கதையை எடுத்தேன். சிரித்தார்கள். "நாள் முழுக்க மலை ஏறி எறங்குறோம், இதுல பந்து வேறயா டீச்சர்?"
மீனம்மா மட்டும் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, "அது தோட்டத் தொரைக்கு ஏறுறது. இது நமக்குல்ல?" என்றாள். கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மே 9
கொட்டகலையில் படிப்பிக்கும் சிவகௌரி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டங்களில் விளையாட, நடக்க எங்கெங்கே இடமிருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுகிறார். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். லிந்துலைக்காரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இருக்கும் இடங்களுக்குத்தான் ஹட்டனிலிருந்து வலைப்பந்துப் பயிற்சியாளர் ஜெயதீபன் வருவாராம்.
எங்கள் தோட்டத்து டிவிசனைத் தேடினேன். 'மைதானம் இல்லை.'
யார் இப்படிச் சொன்னது? நானேதான்! போன மாதம் போனில் கேட்டார்கள், "இல்லீங்க" என்றேன். காலையில் பெயர் வாசித்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில்தானே சாயந்தரமெல்லாம் பிள்ளைகள் உருளுகிறார்கள்? அதை மைதானம் என்று யாருக்குத் தோன்றும்!

மே 10
பெரட்டுக் களத்தைச் சேர்த்துவிட்டேன். "வேலை நேரத்துல மட்டும் கூடாது" என்று அங்கே பெயர் வாசிக்கிற கணக்கப்பிள்ளை இராமையாவும் தலையாட்டிவிட்டார்.

மே 18, சனி
அழுகையா வருது. சிரிச்சவங்களும் வந்து, அத்தனை பேரும் மழையில நின்னோம். மீனம்மா மகனோட சப்பாத்தை மாட்டிக்கிட்டு வந்திருந்தா. இன்னைக்கு வர்றேன்னு சொன்ன பயிற்சியாளர் வரல.
கடைசியில் போனை எடுத்தார். "உங்க அக்கரப்பத்தனை டவுன்லதாங்க நிக்கிறேன். புரட்டுக் களம் எங்கன்னு கேட்டா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க!"
வரைபடத்தைத் திறந்தேன். புரட்டுக் களம். ஊரை ஏமாற்றுகிற இடமாம்!
சிவகௌரி டீச்சரைக் கூப்பிட்டேன். "ஐயோ, நீங்கள் எழுத்துப்பிழை விட்டிட்டியள் எண்டு நினைச்சு நான்தான் திருத்தினனான். பெரட்டு எண்டால் என்ன?" சண்டை போடத்தான் எடுத்தேன், சிரித்துக்கொண்டு வைத்தேன். நான் திருத்துவதற்குள் லிந்துலையில் யாரோ சரிசெய்திருந்தார்கள். கூடவே தங்கள் பெரட்டுக் களத்தையும் சேர்த்திருந்தார்கள்.

மே 25
வந்துவிட்டார்! கம்பு நட்டு வளையம் கட்டினோம். மீனம்மா அதன் அடியில் நின்று போட்ட பந்தெல்லாம் உள்ளே. எனக்கு முழங்கால் இரண்டும் போச்சு. போகட்டும்.

ஜூன் 3
இடுப்பு வலி. ஆனாலும் போனேன்.

ஜூன் 18, செவ்வாய்
காலைப் பெரட்டு. நேற்றுச் சுண்ணாம்பில் போட்ட கோடுகள் மழைக்குத் தப்பியிருந்தன. நான் காம்பரா வாசலில் பிள்ளைகளை வாங்கிக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை வளையத்தின் அடியில், அரைவட்டத்துக்குள் நின்று பெயர் வாசித்தார். மீனம்மாவின் பெயர் வந்தது. அவள் அவருடைய காலடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் வாசித்தார்.
"இருக்கேங்க" என்றாள். "அது நான் நிக்கிற எடமுங்க ஐயா. கொஞ்சம் தள்ளி நின்னு வாசிங்களேன்."
அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு அதைத் தாண்டிப் போய் நின்று, அடுத்த பெயரை வாசித்தார்.